எந்தத் தெரு

மதிலைக் கண்டதும் மங்கை அக்கா எங்கே கன்னத்தில் போட்டுக்கொண்டுவிடுவாளோ என்று சந்தனராஜுக்கு ஒரு கணம் பயமாக இருந்தது. அப்படியொரு முகத்தோடு நின்றாள். "எப்பா, எம்புட்டு அழகான மதிலு!" என்றாள். மதில் அழகாக இருக்கிறதாம். இன்னார் உள்ளே, இன்னார் வெளியே என்று ஓர் ஊர் தன்னைச் சுற்றிக் கல்லால் போட்டுக்கொண்ட கோடு, அதன் தலையில் சிவப்பு ஓடு வேய்ந்து, ஜன்னல்தோறும் பூத்தொட்டி தொங்கவிட்டு, வாசலில் வரைபடமும் ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்த வில்லையும் விற்றால் அழகாகிவிடுகிறது. பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்து இறங்கி, கழுத்தை அண்ணாத்தி, வாயைப் பிளந்து, மதிலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹோஹென்மவர் என்று இந்த ஊருக்குப் பெயர். நூர்ன்பெர்கிலிருந்து காரில் வரும் வழியெல்லாம் மங்கை அக்கா அதைச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தாள், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஊராக. அவள் கணவர் பாலகுருநாதன், கார் பாகங்கள் செய்கிற பெரிய கம்பெனியில் பெரிய இன்ஜினியர், இந்த நாட்டுக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது, இன்னும் ரொட்டிக்கடையில் விரலை நீட்டித்தான் ரொட்டி வாங்குகிறார். "ஜெர்மன் தெரிஞ்ச பையன் ஒருத்தன் கூட இருந்தா நல்லாருக்கும்ல," என்று அழைத்து வந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எதற்காக என்று அவனுக்குத் தெரியும். அவர்கள் வீட்டு மாடியில், கூரைச் சரிவுக்குக் கீழே, ஓர் அறை காலியாக இருக்கிறது. இவன் நண்பன் ஒருவனின் சோபாவில் கிடக்கிறான், நண்பன் மாதக் கடைசியில் வேறு ஊருக்குப் போகிறான். அறை இல்லாவிட்டால் முகவரி இல்லை, முகவரி பதியாவிட்டால் விசா நீட்டிப்பு இல்லை, விசா இல்லாவிட்டால் முதுகலை பாதியில் நிற்கும், மாதக்கணக்காக எழுதிய எந்த ஜெர்மன்காரனும் பதில்கூடப் போடவில்லை. ஆக இது சுற்றுலா இல்லை, பெண் பார்க்கும் சடங்கு. பார்க்கப்படுவது இவன். பையன் எப்படி நடக்கிறான், எப்படிச் சாப்பிடுகிறான், கதவை எப்படிச் சாத்துகிறான் என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதெல்லாம் சரிதான், அதற்கெல்லாம் இவன் தயார். ஆனால் காரைப் பூட்டிவிட்டு மதில் வாசலை நோக்கி நடக்கும்போது பாலகுரு அண்ணன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே, "தம்பி, ஊரு கோவில்பட்டின்னேல்ல, டவுனேவா?" என்றார். "பக்கத்துல அண்ணே." "பக்கத்துலன்னா?" "புதூர்க்கரிசல்." சொல்லியிருக்கக் கூடாது. பொய் சொன்னால் காது சூடாகிவிடுகிற ஒரு பிறவி. "அட, புதூர்க்கரிசலா! எங்க சின்ன மாமா பொண்ணு எடுத்த ஊருல்ல அது! மங்கை, கேட்டியா, நம்ம சாத்தூர்லருந்து எட்டிப் பிடிச்சாப்புல. சின்ன ஊருதான, எல்லாரும் தெரிஞ்சவங்களாத்தான் இருப்பாங்க. நீ எந்தத் தெரு?" அந்த நேரம் பார்த்து வாசலுக்கு மேலிருந்த கோபுரத்தில் மணி அடித்தது. சாதாரண அடி இல்லை, காதைக் கிழிக்கிற அடி. மங்கை அக்கா போனை உயர்த்திப் பிடித்து மணியைப் படம் பிடித்தாள். அண்ணன் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. மணி ஓய்ந்தபோது டிக்கெட் வரிசை நகர்ந்துவிட்டது. கேள்வி நகரவில்லை.

மதில்மேல் மரப்படி ஏறிப் போனால் உள்பக்கமாகக் கூரை போட்ட ஒரு நடைபாதை, ஊரைச் சுற்றி வளைந்து வளைந்து போகிறது. குனிந்து நடக்க வேண்டும். அந்தக் காலத்துக் காவல்காரர்கள் குள்ளமாக இருந்தார்கள் என்று பின்னால் வந்த யாரோ ஒருவர் தன் குழந்தைக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் அம்பு விடுகிற துளைகள், அவற்றின் வழியே பார்த்தால் அகழி, அகழியில் முட்டைக்கோஸ் பாத்தி, அதற்கப்பால் சூப்பர் மார்க்கெட்டின் வாகன நிறுத்தம். இவ்வளவு கல்லையும் சுமந்து ஏற்றிக் கடைசியில் காத்தது முட்டைக்கோஸை. மறு பக்கம் ஊர்: சாய்ந்த கூரைகள், மரச்சட்டம் போட்ட சுவர்கள், பொம்மைக்கு வாங்கிக் கொடுத்த வீடுகள் மாதிரி எல்லாம் மிட்டாய் நிறத்தில். அண்ணன் முன்னால், அக்கா நடுவில், இவன் பின்னால். நடைபாதை குறுகல், அதனால் பேச முடியாது, திரும்பிப் பார்த்துப் பேசினால் தலை உத்தரத்தில் இடிக்கும், ஏற்கெனவே அண்ணனுக்கு ஒரு தடவை இடித்துவிட்டது, நல்லது. அடுத்த கோபுரம் வரை பாதுகாப்பு. அடுத்த கோபுரத்தில் பாதை அகலமாகும், பெஞ்சு இருக்கும், உட்காருவார்கள், கேட்பார்கள். அதற்குள் ஒரு பதில் வேண்டும். நடுத்தெரு என்று சொல்லலாம். நடுத்தெருவில் எந்த வீடு? பிள்ளையார் கோயிலுக்கு எதிர் வீடா, பக்கத்து வீடா? சின்ன மாமா வீட்டுக்காரியிடம் இன்று ராத்திரியே போன் போட்டு, சந்தனராஜ்னு ஒரு பையன், நடுத்தெருவாம் என்று சொல்வார்கள், அவள் அங்கே வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரிப்பாள். சின்ன வயசிலேயே டவுனுக்கு வந்துவிட்டோம் அண்ணே, தெருவெல்லாம் ஞாபகமில்லை என்று சொல்லலாம். வந்தது உண்மை, ப்ளஸ் டூ படிக்க ஹாஸ்டலுக்கு வந்தான். ஞாபகமில்லை என்பதுதான் உதைக்கும். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் என்று சொல்லலாம். பஸ் ஸ்டாப்புக்கு எந்தப் பக்கம் என்பார்கள். தெருவை யாரும் தெருவுக்காகக் கேட்பதில்லை. தபால் போடவா போகிறார்கள்? கல்லூரியில் சேர்ந்த அன்று பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவன் குலசாமி எது என்று கேட்டான். அப்பாவுக்கு என்ன வேலை என்று இன்னொருவன். சைவமா அசைவமா, அசைவம்னா எல்லாமேவா என்று ஒருத்தி, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. சென்னையில் வேலை பார்த்தபோது ஒரு மேனேஜர் முதுகில் தட்டினார், தட்டிய கை சட்டைக்குள் பூணூல் தட்டுப்படுகிறதா என்று தடவித் தேடியது. ஒரே கேள்வியைக் கேட்க எத்தனை தந்திரம். நேராக, நீ என்ன ஆளு என்று கேட்கக்கூட இவர்களுக்குத் துப்பில்லை. படித்தவர்கள், அதனால் தெரு கேட்கிறார்கள்.

"ஏ தம்பி, இங்க வா, இத என்னன்னு படி!" மங்கை அக்கா மதிலைத் தடவிக்கொண்டு நின்றாள். உள்சுவரில் வரிசையாகச் சின்னச் சின்னக் கற்பலகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஓர் ஊர். ஜப்பான் பெயர்கள், அமெரிக்கப் பெயர்கள், ஏதோ ஒரு வங்கியின் பெயர். இவன் ஓரத்திலிருந்த தகவல் பலகையைப் படித்துச் சொன்னான். யுத்தத்தில் குண்டு விழுந்து இந்தப் பக்கத்து மதில் முழுக்க இடிந்துபோனது, பிறகு உலகம் முழுக்க நன்கொடை வாங்கித் திரும்பக் கட்டினார்கள், கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அப்படியானால் காலையிலிருந்து அண்ணன் கையை வைத்து வைத்து, "எத்தன நூறு வருசத்துக் கல்லு!" என்று உருகியது இவன் தாத்தா காலத்துச் சிமெண்ட். அண்ணன் முகம் ஒரு நொடி ஏமாற்றத்தில் விழுந்தது, உடனே நிமிர்ந்தது. "அப்ப நாமளும் ஒரு கல்லு போட்ருவமா மங்கை? பாலகுருநாதன், சாத்தூர்னு?" "எம்பேரு?" "கீழ போட்டுக்கலாம்." "ஏன், மேல போட்டா கல்லு கீழ விழுந்துருமா?" இருவரும் சிரித்தார்கள். இவனும் சிரித்தான். சிரிக்க வேண்டும், வீட்டுச் சொந்தக்காரர் சொல்கிற நகைச்சுவை. கோயில் டியூப் லைட்டில் வெளிச்சம் வெளியே வர விடாமல் உபயம் என்று எழுதி வைக்கிற புத்தி விமானம் ஏறினால் இறங்கிவிடுமா என்ன. இவன் ஊரிலும் மதில் கட்டினார்கள். வரி பிரித்துத்தான் கட்டினார்கள். காலனிக்கும் ஊருக்கும் நடுவில், ஓடைக்கரை தொடங்கிப் பள்ளிக்கூடத்து முக்கு வரை, ஹாலோ பிளாக் கல் அடுக்கி, மேலே பாட்டில் துண்டு பதித்து. கோயில் இடத்துக்குப் பாதுகாப்பு என்றார்கள். பஸ் ஸ்டாப் மதிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வேனைப் பிடிக்க விடியுமுன்னே ஓடைக்குள் இறங்கிச் சுற்றிப் போவாள், மழை பெய்தால் முழங்கால் வரை சேறு. கட்டி முடித்ததும் நீலப் பெயின்ட்டில் கொட்டை எழுத்தில் எழுதினார்கள்: உபயம், ஊர்ப் பொதுமக்கள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துவிட்டு, "ஊர்ப் பொதுமக்கள்னா, அப்ப நம்ம யாருடா?" என்று கேட்டாள். நிஜமாகத்தான் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் படிக்கிறவன், தெரிந்திருக்கும் என்று நினைத்தாள். அந்த மதிலை யாரும் டிக்கெட் வாங்கிப் பார்க்க வரவில்லை. குண்டு போடவும் யாரும் வரவில்லை.

கோபுரம் வந்தது, பெஞ்சும் இருந்தது. ஆனால் பெஞ்சில் ஒரு பெரிய ஜெர்மன் குடும்பம் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சந்தனராஜ் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாண்ட்விச்சை நன்றியோடு பார்த்தான். அண்ணன் முகத்தைச் சுளித்து, கீழே இறங்கலாம் என்றார். இறங்கினார்கள். சந்தையில் ஒரு கடிகாரம், அதிலிருந்து மணிக்கொரு தரம் ஒரு பொம்மை வெளியே வந்து ஒரு குடம் பீரைக் குடித்துவிட்டு உள்ளே போகிறது, அதைப் பார்க்க ஒரு கூட்டம் வெயிலில் நின்றது. பொம்மை குடித்ததும் கை தட்டினார்கள். கோடையிலும் கிறிஸ்துமஸ் சாமான் விற்கிற கடை ஒன்று, உள்ளே செயற்கைப் பனி. அந்த ஊர்ப் பலகாரம் என்று மங்கை அக்கா ஒரு மாவு உருண்டையை வாங்கி மூன்றாகப் பிட்டுக் கொடுத்தாள். அச்சுமுறுக்கு மாவைச் சுருட்டிச் சர்க்கரைத் தூளில் புரட்டினால் இப்படித்தான் இருக்கும், முறுக்கின் நியாயம் மட்டும் இல்லை. "நல்லாருக்குல்ல?" "நல்லாருக்குக்கா." இதோ, காது சூடாகிறது, பலகாரத்துக்கே. தெருவுக்கு என்ன ஆகும்? ஆனால் அக்கா பிட்டுக் கொடுத்தாள். தன் கையால், தான் கடித்த மீதியில்கூட ஒரு துண்டு, "இந்தா, இதையும் முழுங்கு, எனக்குப் போதும்," என்று. இரண்டு மாதமாக அவள் இவனுக்குச் சோறு கொடுத்துக்கொண்டிருக்கிறாள். தமிழ்ச் சங்கச் சித்திரை விழாவில் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவனைப் பார்த்து, "என்னடா இது, தோள்பட்டை எலும்பு சட்டையில குத்துது," என்றாள், மறு வாரமே எவர்சில்வர் டப்பாவில் வத்தக்குழம்பு வந்தது. நல்ல குழம்பு. அந்தக் குழம்பை அவன் சோபாவில் உட்கார்ந்து விரலை நக்கிச் சாப்பிட்டான், கண்ணில் நீர் வந்தது, காரத்தால் என்று நண்பனிடம் சொன்னான். டப்பா விஷயத்தில் மட்டும் அவள் ராட்சசி. அவள் கல்யாணத்துக்கு அவள் அம்மா பெட்டி பெட்டியாக வாங்கிக் கொடுத்த பாத்திரம், ஒவ்வொன்றிலும் க. மங்கையர்க்கரசி என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். ஒரு தடவை சின்ன டப்பாவின் மூடியை மறந்துவிட்டான். அன்று இரவே செய்தி வந்தது: தம்பி மூடி? மறுநாள் காலை: சின்ன டப்பா மூடி வரலை. மத்தியானம் வெறும் கேள்விக்குறி மட்டும். இன்று காலை காரில் ஏறியதும் முதல் வேலையாக இவன் பையைத் திறந்து டப்பாவை எடுத்து, மூடியைத் திருகிப் பார்த்து, "சமத்து," என்றாள். அந்த ஒரு சொல்லை இவன் நூர்ன்பெர்க் எல்லை தாண்டுகிற வரை மனசுக்குள் வைத்துச் சப்பிக்கொண்டு வந்தான். வெட்கமாக இருந்தது. இந்தப் பொம்மையைப் பார்த்துக் கை தட்டுகிறவர்களை ஏளனமாகப் பார்க்க இவனுக்கு என்ன யோக்கியதை? சமத்து என்றால் வெளியே வந்து குடித்துக் காட்டிவிட்டு உள்ளே போகிற பொம்மைதான் இவனும்.

சந்தையைத் தாண்டி மதிலின் மறுகோடிக்குப் போகிற வழியில் அந்த வீடு இருந்தது. மதிலோடு மதிலாக, வெளிப்புறத்தில் ஒட்டவைத்த மாதிரி, ஊரின் மற்ற வீடுகளிலிருந்து தள்ளி. வாசலில் ஒரு மரப்பொம்மை கையில் வாளோடு நின்றது, அதன் தோளில் கை போட்டுப் படம் எடுக்க ஒரு வரிசை. "இது யாரு வீடு தம்பி, படி படி," என்றார் அண்ணன். இவன் பலகையைப் படித்தான். மறுபடியும் முதலிலிருந்து படித்தான். "நீளமா எழுதிருக்கானா?" என்றாள் அக்கா. "ஊருக்குத் தலை வெட்டுறவன் வீடுக்கா. தண்டனை குடுக்குறவன். செத்த மாட்டத் தூக்கிப் போடுறது, தோல் உரிக்கிறது, சாக்கடை பாக்குறது எல்லாம் இவன் ஆளுகதானாம்." "ம்." "அவனத் தொட்டா தீட்டு. அவன் பிள்ளைகளுக்கு வெளியில பொண்ணு குடுக்க மாட்டாங்க, எடுக்கவும் மாட்டாங்க. சர்ச்சுல கடைசியில தனி பெஞ்சு." நிறுத்தினான். அடுத்த வரியில் குவளை என்று ஒரு சொல் இருந்தது, அகராதி தேவையில்லாத சொல், வகுப்பில் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிற சொல். "சாராயக்கடையில அவனுக்குன்னு தனி குவளை. மத்தவங்க குவளைக்கெல்லாம் மூடி இருக்கும். இவனோடதுக்கு மூடி கிடையாது. பாத்ததும் தெரியணும்ல, அதுக்காக." அக்கா கன்னத்தில் கை வைத்தாள். "அடப் பாவிகளா! மனுசன மனுசன் தொடக்கூடாதாமா?" அண்ணன் தலையை ஆட்டினார். "காட்டுமிராண்டிப் பயலுக. இன்னைக்குக் கோட்டு சூட்டுப் போட்டுட்டு நமக்கு வந்து ஒழுக்கம் சொல்லிக் குடுக்குறானுக." "அவம் பொண்டாட்டி பிள்ளைகள நெனச்சுப் பாருங்க," என்றாள் அக்கா, "கடையில போயி ஒரு சாமான் வாங்க முடியுமா? ச்சே." நிஜமாகவே அவள் கண் கலங்கியிருந்தது. சந்தனராஜ் அவள் கண்ணையே பார்த்தான். ஓர் ஓட்டை இருக்கும், ஒரு சின்ன வெளிச்சம், இவள் இப்போது திரும்பித் தன் ஊரைப் பார்ப்பாள், சாத்தூர் முக்குக் கடையை, அங்கே பெஞ்சில் கவிழ்த்து வைத்த தனிக் கிளாசை, சின்னப் பிள்ளையாகப் பார்த்திருப்பாள்தானே, இல்லாமல் இருக்காது. அப்பா அதில் குடித்தவர், கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தவர். இவன் காலத்தில் பேப்பர் கப் வந்துவிட்டது, எல்லோருக்கும் பேப்பர் கப், யாருக்கும் சங்கடமில்லை. அக்கா திரும்பினாள். மரப்பொம்மையின் தோளில் கை போட்டாள். "தம்பி, ஒண்ணு எடு. வாளு தெரியுற மாதிரி எடு." எடுத்தான். வாள் தெரியுற மாதிரி எடுத்தான். அறுநூறு வருடத்துக்கு முன்னால் செத்தவனுக்கு அழ இந்த உலகத்தில் ஆள் தட்டுப்பாடே இல்லை. சிரித்த முகமாக இரண்டாவது படமும் எடுத்துக் கொடுத்தான், கண் மூடிவிட்டது என்று மூன்றாவதும்.

மதிலுக்கு வெளியே, அகழி ஓரத்தில், ஒரு கஷ்கொட்டை மரத்தடியில் இடம் கிடைத்தது. அக்கா துணி விரித்தாள். புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், தயிர்சாதம், மாவடு. டப்பா டப்பாவாகப் பெயர் மின்னியது. இங்கேதான் கேட்பார்கள் என்று இவனுக்குத் தெரிந்துவிட்டது. சாப்பிட்டான், சாப்பிடாவிட்டால் என்ன ஆச்சு என்பார்கள். வாயை நிறைத்துக்கொண்டால் உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு கணக்கு. பெரிய உருண்டையாக எடுத்தான். அண்ணன் தொண்டையைச் செருமினார். வந்துவிட்டது. "தம்பி, ஒண்ணு கேக்கணும்." மென்றான். "ராத்திரி லேட்டா வருவியா? லைப்ரரி, அது இதுன்னு?" தலையை ஆட்டினான், இல்லை என்பதுபோல. "அதுக்கில்ல, படியில லைட்டு ரிப்பேரு. பாத்து ஏறணும்." அக்கா குறுக்கிட்டாள். "சுத்தி வளைக்காம சொல்லுங்களேன். தம்பி, ஒண்ணாந்தேதி பெட்டியத் தூக்கிட்டு வந்துரு. மாடி ரூமு ஒனக்குத்தான். போன வாரமே நான் சொல்லிட்டேன், அவருதான் ஒரு நாள் கூடச் சுத்திப் பாப்பம்னாரு. நம்ம பக்கத்துப் பையன், நல்ல புள்ள, இதுக்கு மேல என்ன பாக்குறது?" உருண்டையை மெல்லாமலே விழுங்கினான். அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், அவள் குடித்துவிட்டு வைத்த பாட்டில். குடித்தான். கேட்கவில்லை. மறந்தேவிட்டார்கள். அல்லது நம்ம பக்கத்துப் பையன் என்பதிலேயே ஒரு தெருவை அவர்களாகவே போட்டு நிரப்பிக்கொண்டார்கள், இவ்வளவு சமத்தான பையனுக்கு எந்தத் தெரு பொருந்துமோ அந்தத் தெரு. அறை. முகவரி. விசா. சோபாவின் கம்பி முதுகில் குத்தாத ஒரு கட்டில். இவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை, சுத்தமான காதோடு உட்கார்ந்திருக்கிறான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், உலகத்தில் இதைவிடச் சுலபமான காரியம் இல்லை. ஒண்ணாம் தேதி போவான். அந்தச் சமையலறையில் உட்கார்ந்து குழம்பு சாப்பிடுவான். என்றைக்காவது ஒரு போன், சாத்தூரிலிருந்தோ புதூர்க்கரிசலிலிருந்தோ, மாடியில் இவன் காலடிச் சத்தம் கேட்டதும் கீழே பேச்சு நிற்கும். ஒவ்வொரு போன் மணிக்கும் கூரைச் சரிவுக்குக் கீழே படுத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருப்பான். அப்படியும் இருக்கலாம், எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அம்மாகூட ஒவ்வொரு போனிலும் அதைத்தான் சொல்கிறாள், ஆளப் பாத்துப் பேசு, வாயக் குடுத்து மாட்டிக்கிறாத. "அந்த வெட்டியான் வீட்டதான் நெனச்சுக்கிட்டே இருக்கேன்," என்றாள் மங்கை அக்கா, மீதிப் புளியோதரையைச் சின்ன டப்பாவில் அள்ளி அமுக்கிக்கொண்டே. "என்னதான் சொல்லுங்க, நம்ம ஊர்ல என்ன இருந்தாலும் இந்த மாதிரி ஈவிரக்கமில்லாமலாம் கெடையாதுப்பா. இந்தா, ராத்திரிக்கு. செவ்வாக்கெழமை அண்ணன் ஆபீஸ் பக்கம் வர்றப்ப டப்பாவக் குடுத்துரு. மூடிய மறந்த, ரூமு கெடையாது." சிரித்தாள்.

சந்தனராஜ் டப்பாவை வாங்கவில்லை. வாங்கக் கை நீட்டியவன், கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டான். எத்தனையோ வாக்கியங்கள் காலையிலிருந்து மதிலைச் சுற்றி அவனோடு நடந்து வந்திருந்தன, வளைந்தவை, நெளிந்தவை, பாதி உண்மையானவை. ஒன்றும் இப்போது துணைக்கு இல்லை. "அண்ணே, காலைல எந்தத் தெருன்னு கேட்டீங்க." "ஆங்? ஆமா, கேட்டேன்ல? மணியடிச்சுருச்சு." "காலனிண்ணே." அண்ணன் விரலில் மாவடுவின் காம்பு இருந்தது. அது அங்கேயே இருந்தது. "ஊருக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு மதில் இருக்கு," என்றான், "உங்க மாமாவக் கேட்டா சொல்வாரு. அவரு மாமனாரு வரி குடுத்திருப்பாரு." கடைசி வாக்கியம் தேவையில்லை. ஆனால் அதைச் சொன்னபோதுதான் காது குளிர்ந்திருந்தது. "ஓ," என்றார் அண்ணன். "ஓ, அப்பிடியா. நல்லது, நல்லது." எது நல்லது என்று அவருக்கே தெரியவில்லை. காம்பைத் தட்டில் வைத்தார், மறுபடி எடுத்தார். "நாங்கல்லாம் அதெல்லாம் பாக்குறதில்ல தம்பி. இங்க வந்து எத்தன வருசமாச்சு. என்ன மங்கை?" "அதுக்கென்ன," என்றாள் மங்கை அக்கா. அவள் மூடியை அழுத்திக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே மூடியிருந்தது, மறுபடியும் சுற்றி விரலை ஓட்டி அழுத்தினாள், கண் டப்பாவிலேயே இருந்தது. "அதெல்லாம் யாரு இந்தக் காலத்துல. படிச்ச புள்ளைக." அழுத்தினாள். "ரூமு விசயம்தான், இவரு தங்கச்சி மகன் ஒருத்தன் வர்றான் வர்றான்னு சொல்லிட்டிருந்தான், அவனையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு..." "ஆமா, ஆமா," என்றார் அண்ணன், அப்போதுதான் தனக்கு ஒரு தங்கச்சி மகன் இருப்பதை அறிந்தவர்போல. சந்தனராஜுக்கு ஆச்சரியமாக இல்லை. இவ்வளவு வேகமாக ஒரு மருமகனைப் பெற்றெடுத்தது மட்டும்தான் ஆச்சரியம். சிரிப்புகூட வந்தது. அகழியைப் பார்த்து அதை அடக்கினான். மதில் எதிரே நின்றது, உள்ளிருந்து பார்த்ததைவிட வெளியிலிருந்து இன்னும் உயரமாக, ஓடும் பூத்தொட்டியும் தெரியாமல், வெறும் கல்லாக. இந்தப் பக்கத்தை யாரும் படம் எடுக்கவில்லை. அக்கா டப்பாவை நீட்டினாள், கை கொஞ்சம் தூரத்திலேயே நின்றது, துணியின் ஓரத்தில் இவன் பக்கமாக வைத்தாள். "சாப்புட்டுக்க தம்பி. வீணாக்காத." பிறகு, மிகவும் அன்பான குரலில், "டப்பாவ நீயே வச்சுக்க. திருப்பிக் குடுக்கணும்னு அலையாத. எங்கிட்டதான் நெறையக் கெடக்கே," என்றாள்.

அவன் டப்பாவை எடுத்தான். கட்டைவிரலுக்குக் கீழே அவள் பெயரின் புள்ளிகள் சொரசொரத்தன. க. மங்கையர்க்கரசி. மூடிக்காக ஒரே நாளில் மூன்று செய்தி அனுப்பியவள். கொஞ்ச நேரம் அந்தப் பெயரைத் தடவிப் பார்த்தான், பிறகு நிமிர்ந்து நேராக அவள் முகத்தைப் பார்த்தான், இந்த இரண்டு மாதத்தில் முதல் தடவையாக, சமத்து இல்லாமல்.

"இல்லக்கா," என்றான். "செவ்வாக்கெழமை வீட்டுக்கே கொண்டாந்து உங்க கையில தர்றேன். மூடியோட."

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்த நேரம் கோபுரத்தில் மணி அடிக்கத் தொடங்கியது. காலையில் இவனைக் காப்பாற்றிய அதே மணி. அவள் வாயை மூடிக்கொண்டு, மணியைக் கேட்பவளைப்போலத் தலையைச் சாய்த்து, மதிலைப் பார்த்தாள். அவன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, அது ஓயட்டும் என்று காத்திருந்தான்.